'டு' போடுவதா, 'இங்' சேர்ப்பதா? இன்ஃபினிட்டிவ், ஜெரண்ட் குழப்பம்

நீலவானம் கேட்டது:

வணக்கம். ஆங்கிலத்தில் ஒரு வினையை அடுத்து இன்னொரு வினை வரும்போது 'டு' போடுவதா 'இங்' சேர்ப்பதா என்று ஒவ்வொரு முறையும் தடுமாற்றம். எந்த வினைக்குப் பின் எது வரும் என்ற நீளமான பட்டியல்கள் நிறையக் கிடைக்கின்றன. ஆனால் பேசும்போது பட்டியல் நினைவுக்கு வருவதில்லை. கீழே உள்ள ஐந்தும் தவறு என்று தெரியும். ஏன் தவறு என்பதுதான் பிடிபடவில்லை.

1. "ஐ அம் லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட் யூ."
2. "ஐ வென்ட் டு த லைப்ரரி ஃபார் ரிட்டர்னிங் த புக்."
3. "ஹி சஜஸ்டட் மி டு டேக் ரெஸ்ட்."
4. "ஐ ஸ்டாப்ட் டு ட்ரிங்க் காஃபி." (காபி குடிப்பதையே விட்டுவிட்டேன் என்ற பொருளில்)
5. "ஐ வாண்ட் தட் ஹி ஷுட் கம்."

பட்டியலை மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழி உண்டா?

---

ஏட்டுச்சுவடி எழுதியது:

பட்டியலைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். தமிழ் இலக்கணம் பள்ளியில் படித்தவருக்கு இதில் பாதி வேலை முன்பே முடிந்திருக்கிறது.

இன்ஃபினிட்டிவ் நம் 'செய' வாய்பாட்டு வினையெச்சத்துக்கு நெருக்கமானது: படிக்க, போக, பேச. ஜெரண்ட் என்பது தொழிற்பெயர்: படிப்பது, போவது, பேசுதல். தொழிற்பெயர் ஒரு பெயர். ஆகவே வேற்றுமை உருபு ஏற்கும்: போவதை, போவதால், போவதில். வெறும் 'போக' என்பதோடு 'ஆல்' என்ற உருபை ஒட்டிப் பாருங்கள், ஒட்டாது. ஆங்கிலத்தில் உருபின் வேலையைச் செய்வது ப்ரெபொசிஷன். அதனால்தான் ப்ரெபொசிஷனுக்குப் பின் வினை வந்தால் அது 'இங்' வடிவில் வர வேண்டியிருக்கிறது: "இண்ட்ரஸ்டட் இன் லேர்னிங்", "குட் அட் டிராயிங்", "அஃப்ரெய்ட் ஆஃப் ஃபாலிங்", "பை பிரெஸ்ஸிங் த பட்டன்". 'சொல்லாமல் போனான்' என்பதில் உருபு கண்ணுக்குத் தெரியாது, ஆனால் ஆங்கிலத்தில் 'வித்தவுட்' வந்துவிடுவதால் "ஹி லெஃப்ட் வித்தவுட் சேயிங் எனிதிங்" என்றே எழுத வேண்டும். "வித்தவுட் டு சே" என்று எழுதுபவர்கள் பலர்.

இந்த விதிக்கு விலக்கு மிகக் குறைவு. 'பட்' என்பது 'தவிர' என்ற பொருளில் வரும் இடத்தை மட்டும் நினைவில் வைத்தால் போதும்: "வி ஹாட் நோ சாய்ஸ் பட் டு வெய்ட்", "ஹி டிட் நத்திங் பட் கம்ப்ளெய்ன்".

இனி உங்கள் 2-ஆம் வாக்கியம். இங்கே தமிழே நம்மைத் தவறான பக்கம் தள்ளுகிறது. 'புத்தகத்தைத் திருப்பிக் கொடுப்பதற்கு' என்று நினைக்கிறோம். அதில் 'கு' இருக்கிறது. 'கு' என்றால் 'ஃபார்' என்று கை தானாக எழுதிவிடுகிறது. ஆங்கிலத்தில் ஒருவர் ஒரு நோக்கத்தோடு ஒன்றைச் செய்தார் என்றால் வெறும் 'டு'தான்: "ஐ வென்ட் டு த லைப்ரரி டு ரிட்டர்ன் த புக்."

அப்படியானால் 'ஃபார்' கூட 'இங்' எப்போது? தமிழ்த் தொடரின் காலத்தைப் பாருங்கள்.

'உதவுவதற்கு வந்தார்' – செயல் இனிமேல்தான். "ஹி கேம் டு ஹெல்ப்."
'உதவியதற்கு நன்றி' – செயல் நடந்துவிட்டது. "தாங்க் யூ ஃபார் ஹெல்ப்பிங்."

அதாவது '-வதற்கு' வந்தால் பெரும்பாலும் 'டு'. '-ததற்கு', '-யதற்கு', '-னதற்கு' என்று இறந்தகாலம் வந்தால் 'ஃபார்' கூட 'இங்'. நன்றி, மன்னிப்பு, பாராட்டு, தண்டனை எல்லாம் இரண்டாவது வகை: "ஹி வாஸ் ஃபைண்ட் ஃபார் ஸ்பீடிங்."

இன்னொரு இடமும் உண்டு. ஒரு பொருள் எதற்கானது என்று சொல்லும்போது: "திஸ் நைஃப் இஸ் ஃபார் கட்டிங் பிரெட்." தமிழில் இது 'வெட்டுவதற்கான கத்தி'. 'ஆன' வந்தால் 'ஃபார் கட்டிங்' பொருந்தும். 'வெட்டுவதற்காக எடுத்தேன்' என்று 'ஆக' வந்தால் "ஐ டுக் இட் டு கட்". ஓரெழுத்து வித்தியாசம்தான், ஆனால் நன்றாக வழிகாட்டும்.

---

தேன்சிட்டு எழுதியது:

மேலே சொன்னது அருமை. அதையே 4-ஆம் வாக்கியத்துக்கும் நீட்டலாம். 'டு', 'இங்' இரண்டையும் ஏற்று, பொருள் மட்டும் மாறும் வினைகள் ஆங்கிலத்தில் சிலதான். அவற்றைத் தமிழில் சொல்லிப் பார்த்தாலே விடை கிடைத்துவிடும்.

'ஸ்டாப்': காபி குடிப்பதை நிறுத்தினேன் – "ஐ ஸ்டாப்ட் டிரிங்க்கிங் காஃபி." காபி குடிக்க நின்றேன், அதாவது செய்துகொண்டிருந்த வேறு வேலையை நிறுத்தினேன் – "ஐ ஸ்டாப்ட் டு ட்ரிங்க் காஃபி." நீங்கள் எழுதியது இலக்கணப் பிழையே இல்லை. சொல்ல வந்ததற்கு நேர் எதிரான செய்தியைச் சொல்கிறது. காபியை விட்டவர் காபி குடிக்க நின்றவராகிவிட்டார். இந்த வகைப் பிழையில்தான் கூடுதல் கவனம் வேண்டும், ஏனென்றால் கேட்பவருக்கு அது பிழை என்றே தெரியாது.

'ரிமெம்பர்': பூட்டியது நினைவிருக்கிறது – "ஐ ரிமெம்பர் லாக்கிங் த டோர்." பூட்ட நினைவு வைத்துக்கொள் – "ரிமெம்பர் டு லாக் த டோர்." 'ஃபர்கெட்' இதே போக்கு. ஆனால் "ஐ ஃபர்காட் லாக்கிங்" என்பது அரிது. பூட்ட மறந்துவிட்டேன் என்பதற்கு எப்போதும் "ஐ ஃபர்காட் டு லாக்".

'ரிக்ரெட்': சொன்னதற்கு வருந்துகிறேன் – "ஐ ரிக்ரெட் சேயிங் தட்." தெரிவிக்க வருந்துகிறோம் – "வி ரிக்ரெட் டு இன்ஃபார்ம் யூ." இரண்டாவது அலுவலகக் கடிதங்களின் நடை. பேச்சில் தேவைப்படாது.

'ட்ரை': இதற்குத் தமிழில் கையில் ஒட்டியது போல ஓர் இணை இருக்கிறது. திறக்க முயன்றேன் – "ஐ ட்ரைட் டு ஓப்பன் த விண்டோ", சன்னல் திறக்காமலே போயிருக்கலாம். திறந்து பார்த்தேன் – "ஐ ட்ரைட் ஓப்பனிங் த விண்டோ", சன்னல் திறந்துவிட்டது, அதனால் புழுக்கம் குறைந்ததா என்பதுதான் கேள்வி. 'செய்து பார்' என்று தமிழில் வருகிற இடமெல்லாம் 'ட்ரை'யோடு 'இங்'. "ட்ரை ரீஸ்டார்டிங் த கம்ப்யூட்டர்" என்றால் மறுபடி இயக்கிப் பார்.

'கோ ஆன்': தொடர்ந்து பேசினார், அதே பேச்சை – "ஹி வெண்ட் ஆன் டாக்கிங்." அடுத்ததாகக் காரணங்களை விளக்கினார் – "ஹி வெண்ட் ஆன் டு எக்ஸ்ப்ளெய்ன் த ரீசன்ஸ்."

'மீன்': புண்படுத்த நினைக்கவில்லை – "ஐ டிடின்ட் மீன் டு ஹர்ட் யூ." அந்த வண்டியைப் பிடிப்பதென்றால் நாலு மணிக்கே எழ வேண்டிவரும் – "கேச்சிங் தட் ட்ரெயின் மீன்ஸ் கெட்டிங் அப் அட் ஃபோர்."

அடுத்தது, தமிழில் ஒரே வினை, ஆங்கிலத்தில் இரண்டு வினை. இது அதிகம் பேசப்படுவதில்லை.

வர ஒப்புக்கொண்டான் – "ஹி அக்ரீட் டு கம்."
எடுத்ததை ஒப்புக்கொண்டான் – "ஹி அட்மிட்டட் டேக்கிங் இட்."
வர மறுத்தான் – "ஹி ரெஃப்யூஸ்ட் டு கம்."
எடுத்ததை மறுத்தான் – "ஹி டினைட் டேக்கிங் இட்."

"ஹி டினைட் டு கம்" என்று எழுதுவது இந்த 'மறு'வால் வரும் பிழை. தமிழில் முன்னால் இருப்பது வினையெச்சமா, 'ஐ' உருபு ஏற்ற தொழிற்பெயரா என்று பார்த்தால் ஆங்கில வினையும் அதன் வாலும் சேர்ந்தே கிடைத்துவிடும்.

'எழுதி முடித்தேன்', 'பேசிக்கொண்டே இருந்தான்' போல முன்வினை 'செய்து' வாய்பாட்டில் வந்தாலும் 'இங்'தான்: "ஐ ஃபினிஷ்ட் ரைட்டிங்", "ஹி கெப்ட் டாக்கிங்". "ஐ ஸ்பென்ட் டூ அவர்ஸ் லுக்கிங் ஃபார் இட்" என்பதும் இந்தக் கூட்டம்: இரண்டு மணி நேரம் செலவழித்துத் தேடினேன். இங்கே "டு லுக்" என்று போட்டால் ஒட்டாது.

---

மணல்கடிகை எழுதியது:

1-ஆம் வாக்கியத்தை இன்னும் யாரும் தொடவில்லை.

ஆங்கிலத்தில் 'டு' இரண்டு. ஒன்று இன்ஃபினிட்டிவின் முன்னொட்டு. இன்னொன்று வெறும் ப்ரெபொசிஷன், நம் 'கு' போல. வரலாற்றில் இரண்டும் ஒன்றேதான். பழைய ஆங்கிலத்தில் திசையைக் காட்டும் 'டு'வுக்குப் பின் வினை நான்காம் வேற்றுமை வடிவத்தில் வந்தது. காலப்போக்கில் அந்த ஈறு உதிர்ந்து, 'டு' மட்டும் வினையின் முன்னால் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. இன்றைக்கு இரண்டையும் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

எந்த 'டு' என்று கண்டுபிடிக்க, அதன் பின்னால் 'இட்' போட்டுப் பாருங்கள். "ஐ லுக் ஃபார்வர்ட் டு இட்" – சரியாக நிற்கிறது. ஆகவே ப்ரெபொசிஷன். ஆகவே "ஐ அம் லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட்டிங் யூ". மாறாக "ஐ வாண்ட் டு இட்", "ஐ டிசைடட் டு இட்" நிற்காது. ஆகவே "வாண்ட் டு மீட்", "டிசைடட் டு மீட்".

இந்தச் சோதனையில் தேறி 'இங்' கேட்கும் தொடர்களில் அடிக்கடி வருபவை: 'அப்ஜெக்ட் டு', 'கமிட்டட் டு', 'டிவோட்டட் டு', 'இன் அடிஷன் டு', 'வென் இட் கம்ஸ் டு', 'கெட் யூஸ்ட் டு'. "ஐ ப்ரிஃபர் வாக்கிங் டு டிரைவிங்" என்பதிலும் நடுவில் இருப்பது ப்ரெபொசிஷன்தான்.

'யூஸ்ட் டு' மூன்று உருவத்தில் வருகிறது. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்:

"ஐ யூஸ்ட் டு வாக் டு வொர்க்" – முன்பெல்லாம் வேலைக்கு நடந்து போவேன், இப்போது இல்லை.
"ஐ அம் யூஸ்ட் டு வாக்கிங் டு வொர்க்" – நடந்து போய்ப் பழக்கம், இப்போதும்.
"திஸ் டூல் இஸ் யூஸ்ட் டு கட் கிளாஸ்" – கண்ணாடி வெட்டப் பயன்படுகிறது.

முதலாவதில் 'அம்', 'இஸ்', 'ஆர்' எதுவும் இல்லை. இரண்டாவதில் உண்டு, 'இங்'கும் உண்டு. "ஐ அம் யூஸ்ட் டு வாக்" என்று கலந்தால் 'நடப்பதற்கு என்னைப் பயன்படுத்துகிறார்கள்' என்ற வினோதப் பொருள் வந்து நிற்கும்.

3-உம் 5-உம் வேறு நோய். இரண்டிலும் வேலையைச் செய்யப்போகிறவர் இன்னொருவர்.

'அவன் வர வேண்டும் என்று விரும்புகிறேன்' என்பதில் இருக்கிற 'என்று' ஆங்கிலத்தில் 'தட்' ஆக மாறி வந்து உட்கார்ந்துகொள்கிறது. 'வாண்ட்' அதை ஏற்காது. ஆள், பிறகு 'டு', அவ்வளவுதான்: "ஐ வாண்ட் ஹிம் டு கம்." 'டெல்', 'ஆஸ்க்', 'எக்ஸ்பெக்ட்', 'அட்வைஸ்', 'அலவ்', 'ஃபோர்ஸ்' எல்லாம் இதே அமைப்பு. 'போகச் சொன்னேன்' என்பது "ஐ டோல்ட் ஹிம் டு கோ". "ஐ செட் ஹிம் டு கோ" ஆகாது.

'சஜஸ்ட்' இந்தக் குடும்பத்தில் இல்லை. 'அட்வைஸ்' போலவே பொருள் இருப்பதால் அதன் அமைப்பையும் கடன் வாங்கிவிடுகிறோம். "ஹி சஜஸ்டட் டேக்கிங் ரெஸ்ட்" அல்லது "ஹி சஜஸ்டட் தட் ஐ டேக் ரெஸ்ட்". 'சஜஸ்டட் மி' என்ற சேர்க்கை வந்தாலே நிறுத்தித் திருத்துங்கள்.

'அட்வைஸ்', 'அலவ்', 'பெர்மிட்' மூன்றிலும் ஒரு நுணுக்கம். ஆள் குறிப்பிடப்பட்டால் 'டு', ஆள் இல்லாவிட்டால் 'இங்': "தே அலவ் அஸ் டு பார்க் ஹியர்", "தே அலவ் பார்க்கிங் ஹியர்". "தே அலவ் டு பார்க்" தவறு.

'லெட்', 'மேக்' இரண்டுக்கும் ஆள் உண்டு, 'டு' கிடையாது: "லெட் ஹிம் கோ", "ஷி மேட் மி வெய்ட்". ஆனால் செயப்பாட்டு வினையாக்கினால் 'மேக்'குக்கு 'டு' திரும்பி வந்துவிடும்: "ஐ வாஸ் மேட் டு வெய்ட்." 'ஹெல்ப்' இரண்டு விதமும் சரி.

---

நீலவானம் எழுதியது:

மிக்க நன்றி. 'உதவுவதற்கு', 'உதவியதற்கு' வித்தியாசமும் 'இட்' சோதனையும் உடனே பயன்பட்டன. இரண்டு சந்தேகம். இனி நடக்கப்போவதற்கு 'டு', நடந்ததற்கு 'இங்' என்று ஒரே விதியாக வைத்துக்கொள்ளலாமா? 'பிகின்', 'லைக்' போன்றவற்றில் எது போட்டாலும் சரி என்கிறார்களே, உண்மையா?

---

தேன்சிட்டு எழுதியது:

முதல் கேள்விக்கு: வைத்துக்கொள்ளலாம், ஆனால் முழுப் பாரத்தையும் அதன் மேல் ஏற்றாதீர்கள். 'டிசைட்', 'பிளான்', 'ஹோப்', 'ப்ராமிஸ்', 'ரெஃப்யூஸ்', 'ஆஃபர்' எல்லாம் முன்னோக்கிப் பார்ப்பவை, 'டு' எடுக்கின்றன. 'அட்மிட்', 'டினை', 'ஃபினிஷ்', 'மிஸ்' எல்லாம் இருப்பதையோ நடந்ததையோ பற்றியவை, 'இங்' எடுக்கின்றன. இதுவரை விதி நடக்கும்.

இடறுவது 'சஜஸ்ட்', 'கன்சிடர்', 'போஸ்ட்போன்', 'அவாய்ட்', 'ரிஸ்க்' போன்றவற்றிடம். இவை வரப்போவதைப் பேசினாலும் 'இங்'தான்: "வி ஆர் கன்சிடரிங் மூவிங்", "தே போஸ்ட்போன்ட் சைனிங் த காண்ட்ராக்ட்". இங்கே தமிழ் கைகொடுக்கிறது: இடம் மாறுவதைப் பற்றி யோசிக்கிறோம், கையெழுத்திடுவதைத் தள்ளிவைத்தார்கள், பேசுவதைத் தவிர்த்தான். எல்லாவற்றிலும் 'ஐ' உருபு. தள்ளிவைக்கவும் தவிர்க்கவும் ஒரு பொருள் வேண்டும், அந்தப் பொருளாகச் செயலே நிற்கிறது. காலத்தைக் கேட்டு விடை வராவிட்டால் உருபைக் கேளுங்கள்.

தமிழும் கைவிடுகிற இடம் 'எஞ்சாய்', 'மைண்ட்', 'ப்ராக்டிஸ்'. 'பாடப் பழகுகிறேன்' என்று வினையெச்சம் வந்தாலும் "ஐ ப்ராக்டிஸ் சிங்கிங்"தான். இந்த மூன்றையும் மனப்பாடம் செய்துவிடுவது நல்லது.

இரண்டாவது கேள்வி. 'பிகின்', 'ஸ்டார்ட்' இரண்டும் பொதுவாக எதையும் ஏற்கும், ஆனால் அந்த வினையே 'இங்' வடிவில் இருந்தால் அடுத்ததற்கு 'டு' போடுங்கள்: "இட் இஸ் பிகினிங் டு ரெயின்." "பிகினிங் ரெயினிங்" காதில் இடிக்கும். 'அண்டர்ஸ்டாண்ட்', 'நோ' போன்ற மனநிலை வினைகளோடும் 'டு'தான் இயல்பு: "ஐ பிகேன் டு அண்டர்ஸ்டாண்ட்."

'லைக்' எதையும் ஏற்கும். 'வுட் லைக்' ஏற்காது. "ஐ வுட் லைக் டு ஸ்பீக் டு யூ" மட்டும்தான். 'வுட்' வந்ததும் அது ஒரு விருப்பமாக, முன்னோக்கியதாக மாறிவிடுகிறது.

---

ஏட்டுச்சுவடி எழுதியது:

இன்னும் சில சில்லறைகள்.

எதிர்மறையில் 'நாட்' முன்னால் வரும்: "ஐ டிசைடட் நாட் டு கோ", "ஐ ரிக்ரெட் நாட் கோயிங்". 'டு'வுக்கும் வினைக்கும் நடுவில் 'நாட்' வைப்பதும் பேச்சில் உண்டு, தேர்வுத்தாளில் வேண்டாம். "ஐ டிடின்ட் டிசைட் டு கோ" வேறு பொருள்: முடிவே எடுக்கவில்லை.

"த கார் நீட்ஸ் வாஷிங்" என்றால் வண்டியைக் கழுவ வேண்டும். 'இங்' இருந்தாலும் பொருள் செயப்பாட்டு. "த கார் நீட்ஸ் டு வாஷ்" என்றால் வண்டி தானே கழுவப்போகிறது. 'டு' வேண்டுமென்றால் "நீட்ஸ் டு பி வாஷ்ட்".

வாக்கியத்தின் எழுவாயாக வினை வந்தால் 'இங்' இயல்பு: "லேர்னிங் எ லாங்குவேஜ் டேக்ஸ் டைம்." 'டு' வேண்டுமென்றால் 'இட்'டை முன்னால் நிறுத்தி அதைப் பின்னுக்குத் தள்ளுவார்கள்: "இட் டேக்ஸ் டைம் டு லேர்ன் எ லாங்குவேஜ்."

பயிற்சிக்கு: புதிய வினை ஒன்றைக் குறித்துக்கொள்ளும்போது தனியாக எழுதாதீர்கள். வாலோடு எழுதுங்கள்: 'அவாய்ட் டூயிங்', 'ரெஃப்யூஸ் டு டூ', 'வாண்ட் ஹிம் டு டூ'. கற்பவர்களுக்கான ஆங்கில அகராதிகள் ஒவ்வொரு வினைக்கும் இந்த வாலைத் தனியே குறித்துத் தருகின்றன. பொருளை மட்டும் பார்த்துவிட்டு மூடாமல் அதையும் பாருங்கள். ஒரு நாளைக்கு ஐந்து வினை, ஒவ்வொன்றுக்கும் முதலில் தமிழ் வாக்கியம், அதன் கீழே ஆங்கிலம். மறுநாள் ஆங்கிலத்தை மறைத்துவிட்டுத் தமிழை மட்டும் பார்த்துச் சத்தமாகச் சொல்லுங்கள். தமிழிலிருந்து போகும்போதுதான் பிழை நுழைகிறது. பயிற்சியும் அந்தத் திசையிலேயே இருக்கட்டும்.

---

நீலவானம் எழுதியது:

திருத்திப் பார்த்தேன்:

1. "ஐ அம் லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட்டிங் யூ."
2. "ஐ வென்ட் டு த லைப்ரரி டு ரிட்டர்ன் த புக்."
3. "ஹி சஜஸ்டட் டு மி டேக்கிங் ரெஸ்ட்."
4. "ஐ ஸ்டாப்ட் டிரிங்க்கிங் காஃபி."
5. "ஐ வாண்ட் ஹிம் டு கம்."

---

மணல்கடிகை எழுதியது:

நான்கு சரி. மூன்றாவதில் 'டு மி'யை எடுத்துவிடுங்கள், "ஹி சஜஸ்டட் டேக்கிங் ரெஸ்ட்" போதும். யாரிடம் சொன்னார் என்பது முக்கியமென்றால் 'இங்' அமைப்பை விட்டு "ஹி சஜஸ்டட் தட் ஐ டேக் ரெஸ்ட்" என்று போங்கள். அதில் ஓய்வெடுக்கப்போவது நீங்கள்தான் என்பதும் தெளிவாகிவிடும். 'இங்' அமைப்பில் அவரும் சேர்ந்து ஓய்வெடுக்கலாம் என்று பொருள்படவும் இடமுண்டு.